மைக்செட் கடையில் கற்ற பேச்சு

எனக்கு ஊசி போட வரும். பிரசவம் பார்க்க வரும். வீறிட்டு அழுகிற பிள்ளையைத் தராசில் படுக்கவைத்து, அது உதைக்கிற உதைக்கு நடுவிலும் சரியாக எடை பார்க்க வரும். நாலு பேருக்கு முன்னால் நின்று பேச மட்டும் வராது. சுகாதாரத் துறையில் வேலைக்குச் சேர்ந்தால் அதையும் செய்யச் சொல்வார்கள் என்று எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

எழுபதுகளின் பின்பாதி அது. இருபத்து நான்கு வயதில், தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர் ஒன்றிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து, கடற்கரையை ஒட்டியிருந்த தாய் சேய் நல நிலையத்தில் சேர்ந்தேன். எங்களுக்கு மேலே ஒரு பெண் மருத்துவர் இருந்தார். நல்லவர், கண்டிப்பானவர். நான் சேர்ந்த இரண்டாம் மாதமே கூப்பிட்டு, "மாசா மாசம் தாய்மார் கூட்டம் ஒண்ணு நடத்தணும். நீதான் பேசணும்" என்றார்.

"எனக்குப் பேச வராது டாக்டர்."

"இப்ப எங்கிட்ட பேசுறேல்ல? அப்ப வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பத்து நாள் உட்கார்ந்து பேச்சை எழுதினேன். முழுநீளத் தாளில் நான்கு பக்கம். 'பேரன்பு கொண்ட தாய்மார்களே' என்று தொடங்கி 'நன்றி, வணக்கம்' என்று முடித்திருந்தேன். கிருமி, கொதிக்கவைத்த தண்ணீர், வயிற்றுப்போக்கு, அதற்குக் கொடுக்க வேண்டிய உப்பு சர்க்கரைக் கரைசல் எல்லாம் நடுவில் வரிசையாக இருந்தன. அறையில் தனியாக வாசித்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கூட்டம் மீனவர் தெருவில், மாதா கோயிலுக்கு முன்னால் இருந்த திடலில் நடந்தது. சாயங்காலம் நாலு மணி. ஐம்பது அறுபது பெண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பிள்ளைகள், பக்கத்தில் பிள்ளைகள், கூட்டத்தைச் சுற்றி ஓடிக்கொண்டும் பிள்ளைகள். வேப்பமரக் கிளையில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. அதற்குக் கீழே ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் மைக்செட்காரர் குத்தவைத்திருந்தார். முப்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், காதுக்குப் பின்னால் ஒரு பென்சில்.

நான் மைக்கிடம் போய் நின்றதும் அது கீச்சென்று கத்தியது. நான் இரண்டடி பின்னால் போனேன். பிள்ளைகள் சிரித்தார்கள். 'பேரன்பு கொண்ட தாய்மார்களே' என்று என் குரல் மரத்திலிருந்து வந்தபோது, அது யாரோ வேறொருத்தியின் குரலாக இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாளை முகத்துக்கு நேராக உயர்த்தி வாசிக்கத் தொடங்கினேன். பக்கம் புரட்டுகிற சத்தம்கூட மைக்கில் கேட்டது. இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது அன்றைக்கு வாளை மீன் என்ன விலைக்குப் போனது என்று முன்வரிசையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் பக்கம் முடித்துத் தாளைக் கீழே இறக்கிப் பார்த்தால் பாதித் திடல் காலி.

மைக்செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"நர்ஸம்மா, பேச்சு நல்லாத்தான் எழுதியிருக்கிய. ஒரு விசயம் சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"நீங்க முழுக்க அந்தப் பேப்பருகிட்டதான் பேசுனிய. இங்கன இருந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலையே."

கோபப்படக் கூடாது என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. வயர் சுற்றுகிறவருக்கு என் பேச்சைப் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அறைக்கு வந்து சேர்ந்தேன்.

மூன்று வாரம் கழித்து, அதே தெருவிலிருந்து ஒரு பெண் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. பிள்ளையின் கண் குழிந்து, உதடு காய்ந்து, கிள்ளினால் தோல் அப்படியே மடிந்து நின்றது. "தண்ணி குடுத்தியாம்மா?" என்று கேட்டேன். "தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு ஒரு சொட்டு குடுக்கல" என்றாள். டாக்டரம்மா ஜீப்பிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். குளுக்கோஸ் ஏற்றி, நான்கு நாளில் பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தது.

அவளைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளை முற்றத்தில் உட்கார்ந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. என் கூட்டத்துக்கு அவளும் வந்திருந்தாள், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. "அன்னிக்கித் தண்ணி குடுக்கச் சொல்லித்தானே நான் பேசினேன்?" என்று கேட்டேன்.

அவள் சங்கடத்தோடு சிரித்தாள். "நீங்க என்னமோ வாசிச்சிய நர்ஸம்மா. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அங்கிருந்து நேராக மைக்செட் கடைக்குப் போனேன்.

கடை, மார்க்கெட் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. சுவர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர்கள், பெரிய பெரிய ஊமத்தம்பூக்களைக் கவிழ்த்து மாட்டியதுபோல. உள்ளே என் வயதுப் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்து, அறுந்த வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ஈயப் புகை மேலே எழும்பியது. அது அவருடைய மனைவி. பேசக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று சொன்னதும் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க! ஒங்களுக்கு ஒரு ஆளு சிக்கியிருக்கு! வாங்க!"

அவர் வந்தார். நான் அன்றைக்குக் கோபப்பட்டதை ஒப்புக்கொண்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"எனக்குப் பேசத் தெரியாது நர்ஸம்மா. ஆனா பத்து வருசமா கேட்டுக்கிட்டு இருக்கேன். கட்சிக் கூட்டம், கோயில் கொடை, கல்யாணம், கடைத் திறப்பு, எல்லாம் கேட்டாச்சு. பேசுதவரு கிளம்பிப் போயிருவாரு, கேக்குதவன் பாதியில எந்திரிச்சிருவான். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் உக்காந்து கேக்குத ஒரே ஆளு நான்தான். எங்கன சனம் நிமிந்து உக்காரும், எங்கன கொட்டாவி விடும்னு எனக்குத் தெரியும்."

அன்று தொடங்கி, வேலை முடிந்ததும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தக் கடையில் கழித்தேன். அவரை அண்ணாச்சி என்றும், அவளை அண்ணி முறையில் மைனி என்றும் கூப்பிடத் தொடங்கியது முதல் வாரத்திலேயே நடந்துவிட்டது.

முதல் நாள் என்னை மைக்குக்கு முன்னால் நிறுத்தி, அந்த நாலு பக்கத்தையும் வாசிக்கச் சொன்னார் அண்ணாச்சி. வாசித்தேன். மைனி பாதியிலேயே எழுந்து வந்து தாளை வாங்கி, பற்றவைக்கிற கம்பியைச் சூடு ஆற அதன் மேல் வைத்துவிட்டாள். தாள் பொசுங்கி ஒரு ஓட்டை விழுந்தது.

"மைனி!"

"இருக்கட்டும். எம் புள்ளைக்கு வயித்தால போகுது. நான் இப்ப ஒங்ககிட்ட ஓடி வந்திருக்கேன். என்ன செய்யணும், சொல்லுங்க."

"புள்ளைக்கு எப்ப இருந்து போகுது?" என்று கேட்டேன், என்னை அறியாமல்.

"காலையில இருந்து."

"சரி, பயப்படாதிய. ஒரு சின்னச் செம்பு எடுங்க, அரை லிட்டர் பிடிக்கிற செம்பு. தண்ணியைக் கொதிக்கவச்சு ஆத்திக்கோங்க..." என்று கை, கண், விரல் எல்லாவற்றாலும் சொல்லிக்கொண்டே போனேன். நாலு விரலை மடக்கி அள்ளுகிற அளவு சீனி, மூன்று விரலால் எடுக்கிற ஒரு சிட்டிகை உப்பு. கலக்கியபின் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், கண்ணீரை விட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கலக்க வேண்டும். பிள்ளை ஒவ்வொரு தடவை போகும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மைனி இடையிடையே கேள்வி கேட்டாள், பதில் சொன்னேன். சொல்லி முடித்தபோது அண்ணாச்சி மூலையில் ஒரு பெட்டியின் பொத்தானை அழுத்தினார். கொழும்பிலிருந்து அவருடைய உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த டேப் ரிக்கார்டர் அது. நாடா திரும்பச் சுற்றியது. ஒரு பெண் குரல் பேசியது. அவசரம் இல்லாத குரல். கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது.

"இது யாரு?" என்றேன்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்தது நான் வாசித்தது ஓடியது. அதையும் பதிந்து வைத்திருந்தார் மனுஷன். தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் குரல் அது. நான் முகத்தை மூடிக்கொண்டேன். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டும் நீங்கதான்" என்றார் அண்ணாச்சி. "பேப்பர் இல்லாமப் பேசுனவளைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வாங்க. பேப்பரைப் பாத்து வாசிச்சவ வீட்லயே இருக்கட்டும்."

சொல்வது எளிது. மைனி ஒருத்தியிடம் பேச வருகிறது, அறுபது பேரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதற்கு அண்ணாச்சி சொன்ன வழி சின்ன வழி. கூட்டத்தை மொத்தமாகப் பார்க்கக் கூடாது. இடது பக்கம் ஒருத்தி, நடுவில் ஒருத்தி, வலது பக்கம் ஒருத்தி. மூன்று முகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தை ஒருத்தியிடம் முழுதாகச் சொல்லி முடித்தபிறகே அடுத்தவளிடம் திரும்ப வேண்டும். "தலையாட்டுதவ ஒருத்தி எந்தக் கூட்டத்துலயும் இருப்பா நர்ஸம்மா. அவளைக் கண்டுபிடிச்சிட்டியன்னா பாதிக் கவலை தீந்துது." கடையில் மூன்று பேர் கிடைக்காததால் மைனியை நடுவிலும், அவரை ஒரு பக்கத்திலும், இன்னொரு பக்கம் ஒரு பழைய ஸ்பீக்கருக்குத் துண்டு கட்டியும் உட்காரவைத்துப் பழகினேன். அந்த ஸ்பீக்கர் தலையாட்டவே இல்லை.

மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண் இருக்க வேண்டும் என்பதும், அது கத்தினால் நாம் பதறாமல் வாயை மூடிக்கொண்டு நின்றால் அவர் சரிசெய்துகொள்வார் என்பதும், பதில் தெரியாத கேள்வி வந்தால் உடனே வாயைத் திறக்காமல் ஒரு மூச்சு எடுக்க வேண்டும் என்பதும் அங்கே தெரிந்துகொண்டவைதான். கையை என்ன செய்வது என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. புடவை முந்தானையைத் திருகுவேன். மைனி என் கையில் ஒரு செம்பைக் கொடுத்தாள். அதோடு என் கைகள் அடங்கிவிட்டன.

"மைக்கு இருக்குன்னு நெனச்சுக் கிசுகிசுன்னு பேசுதா" என்று ஒருநாள் மைனி அவரிடம் புகார் சொன்னாள். "வயித்துல இருந்து சத்தம் வரலையே." அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இருவரையும் அவளே உப்பளத்துக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய அண்ணன் அங்கே கண்காணியாக இருந்தார். எட்டு மணி வெயிலுக்கே பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. மைனி வரப்பில் என்னை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினாள். நான்கு பாத்தி தள்ளி நின்று, "பேசுங்க!" என்றாள். பேசினேன். காதில் கையை வைத்துக் காட்டி, இன்னும் இரண்டு பாத்தி தள்ளிப் போனாள். கத்தினேன். தொண்டை கமறியது. "கத்தாதிய, கூப்பிடுங்க" என்றார் பக்கத்தில் நின்ற அண்ணாச்சி. "வயல்ல நிக்குத அம்மாவைச் சோத்துக்கு எப்படிக் கூப்பிடுவிய?"

அப்படிக் கூப்பிட எனக்குத் தெரியும். மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்து, சொல்லின் கடைசியை நீட்டி, காற்று போகிற பக்கமாகப் போட வேண்டும். "ஒரு செம்புத் தண்ணீ! நாலு விரல் சீனீ!" என்று கூப்பிட்டேன். ஆறு பாத்திக்கு அப்பாலிருந்து மைனி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

உப்புக் குவியலுக்குப் பின்னால், கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்த உப்பளத்துப் பெண்கள் பத்துப் பேர் எட்டிப் பார்த்தது எனக்குத் தெரியவில்லை.

"ஏளா, என்னத்துக்கு இந்தச் சீனி? இன்னொருக்கா சொல்லு!"

அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நாலடி தள்ளிப் போய்விட்டார். வேறு வழியில்லை. குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்று பிள்ளையின் வயிற்றுப்போக்கில் தொடங்கிச் சொன்னேன். தலையாட்டுகிறவள் ஒருத்தி இருந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். மூன்று விரல் உப்பு என்று சொன்னபோது ஒருத்தி கையை நீட்டிக் குறுக்கிட்டாள்.

"எங்க கையே உப்புதான் தாயி. நகக்கண்ணுல உப்பு, ரேகையில உப்பு. இந்தக் கையால அள்ளுனா மூணு வெரலு ஆறு வெரலு ஆயிராது?"

புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. ஒரு மூச்சு எடுத்தேன்.

"நீங்க சொல்லுததுதான் சரி. முதல்ல கையை நல்லாக் கழுவணும். எல்லாரும் கழுவணும். நீங்க ரெண்டு தடவை கழுவணும்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அந்த ஊரில் உப்புக்குக் கணக்கு சொல்ல வந்தவளைக் கிண்டல் செய்யாமல் விடுவார்களா? ஒருத்தி என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கஞ்சியில் ஒரு பங்கு ஊற்றிக் கொடுத்தாள். திரும்பி நடக்கும்போது மைனி என் தோளில் கையைப் போட்டு, "ஏளா, பேசிட்டியே!" என்றாள். அதுவரை அவள் என்னை வாங்க, போங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஏளாதான்.

அடுத்த கூட்டத்துக்கு டாக்டரம்மா என்னைத் தெற்கே பெரியதாழைக்கு அனுப்பினார். அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு அதிகம் என்று தகவல் வந்திருந்தது. சுகாதாரத் துறை ஜீப்பில் நானும், மைக்செட்டோடு அண்ணாச்சியும் மைனியும். திருச்செந்தூர் தாண்டிப் போனதும் சொல்ல வேண்டியதை வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பித்தேன். மைனி சோடா வாங்கிக் கொடுத்தாள்.

ஊருக்குள் ஜீப் நுழைந்ததும் ஆண்கள் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. அந்தக் காலத்தில் சுகாதாரத் துறை ஜீப் என்றாலே குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் பிடித்துப் போக வந்திருக்கிறார்கள் என்ற பயம் இருந்தது. ஆண்கள் பனங்காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். அண்ணாச்சி மைக்கைக் கட்டியதும் முதல் வேலையாக மைனிதான் அதை வாங்கி, "ஆபரேசன் இல்ல! ஊசி இல்ல! சும்மா பேச்சுதான்! பொம்பளைய எல்லாரும் வாங்க!" என்று அறிவித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்கள் வந்து தென்னைமரத்து நிழலில் உட்கார்ந்தார்கள்.

நான் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, 'பேரன்பு' எதுவும் இல்லாமல் தொடங்கினேன். "தூத்துக்குடியில ஒன்றரை வயசுப் புள்ளைக்கு ரெண்டு நாளா வயித்தால போச்சு. அதோட அம்மா தண்ணி குடுக்கல. ஏன் குடுக்கல தெரியுமா? நான் கூட்டத்துல சொன்னது அவளுக்கு வெளங்கல. தப்பு என் மேல."

முன்வரிசை நிமிர்ந்தது. பின்வரிசையில் ஏதோ குழப்பம். ஒருத்தி ஒருத்தியிடம், "என்ன சொல்லுதா?" என்று கேட்பது தெரிந்தது. நான் சத்தத்தைக் கூட்டி, சீனி, உப்பு என்று அளவுகளுக்குப் போனேன். அண்ணாச்சி ஆம்ப்ளிஃபயரில் கூட்டினார். பின்வரிசை இன்னும் காதில் கையை வைத்துக்கொண்டிருந்தது. கச்சான் என்று அங்கே சொல்லுகிற மேற்குக் காற்று சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஸ்பீக்கரைக் கட்டியிருந்த தென்னையோ கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. என் பேச்சு முழுவதும் மரத்திலிருந்து நேராகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கரைக்கு வந்துகொண்டிருந்த கட்டுமரங்களில் ஆட்கள் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் கட்டுமரம் கரையை நெருங்கியதும் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துக் கையைத் தூக்கினார்.

"நர்ஸம்மோவ்! சீனி நாலு வெரலு, சரி! உப்பு எம்புட்டுன்னு சொல்லும்போது அலை வந்து மறைச்சிட்டு!"

கூட்டம் முழுவதும் கடல் பக்கம் திரும்பியது. அப்போது எழுந்த சிரிப்பை எந்தக் காற்றாலும் கொண்டுபோக முடியவில்லை. நானும் சிரித்தேன். அண்ணாச்சி ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்ட மரத்தில் ஏறினார். காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மைக்கை விட்டுவிட்டுச் செம்போடு பெண்களுக்கு நடுவில் இறங்கிப்போய் நின்று, உப்பளத்துக் குரலில், கடலில் நிற்கிறவருக்கும் கேட்கும்படி, "மூணு விரல்!" என்றேன்.

"மூணு வெரலு!" என்று அவர் தண்ணீரிலிருந்து திருப்பிச் சொன்னார்.

பிறகு அங்கேயே கரைசலைக் கலக்கி, கையில் கையில் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தேன். ஓலைப்பாயில் கருவாடு காயப்போட்டிருந்த நடுவயதுக்காரி ஒருத்தி, குடிக்காமல் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இந்தா பாரு நர்ஸம்மா, கீழ போறதே தண்ணியாத்தான் போகுது. அதுல நீ இன்னும் தண்ணி ஊத்தச் சொல்லுத. ஊத்துனா கூடத்தானே போகும்?"

நாலைந்து பேர், "அதான, அதான" என்றார்கள். இந்தக் கேள்விதான் அந்தப் பிள்ளையைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. ஒரு மூச்சு எடுத்தேன். அந்த மூச்சு நேரம் எனக்கு ரொம்ப நீளமாகத் தெரிந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயமாக இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"எக்கா, ஒங்க வீட்ல குடத்துல ஒரு ஓட்டை விழுந்திருச்சு. அடைக்க ஆளு வர நேரமாகும். குடத்துல தண்ணி நிக்கணும்னா என்ன செய்வீங்க?"

"ஊத்திக்கிட்டே இருக்கணும்" என்றாள், யோசிக்காமல். சொன்னபிறகு என்னைப் பார்த்தாள். கையை இடுப்பிலிருந்து எடுத்தாள். "அடிப்பாவி மவளே! என் வாயாலயே சொல்ல வச்சிட்டியே!" என்று சிரித்துக்கொண்டே கையைக் குவித்து நீட்டினாள். நான் ஊற்றினேன். குடித்துவிட்டு, "சப்புன்னு இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள். "சப்புன்னு இருந்தாத்தான் சரி" என்றேன்.

நாங்கள் கிளம்பும்போது ஜீப்புக்குள் வாழையிலையில் சுற்றிய மீன் ஏறியிருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. ஓடிப்போன ஆண்கள் திரும்பிவந்து ஜீப்பைத் தள்ளிவிட்டார்கள், அது மணலில் புதைந்திருந்தது.

அதற்குப் பிறகு கீழவைப்பார், இன்னும் பல ஊர்கள். எல்லாக் கூட்டமும் நன்றாக அமையவில்லை. ஓரிடத்தில் சொல்ல வந்ததை மறந்து சொன்னதையே மூன்று முறை சொன்னேன். இன்னோரிடத்தில் ஆடு ஒன்று வயரைக் கடித்துவிட்டது. ஆனால் நிலையத்துக்கு வருகிற தாய்மார்கள் பிள்ளையோடு கூடவே ஒரு செம்பையும் கொண்டுவரத் தொடங்கினார்கள். "வழி நெடுக ஊத்திட்டுத்தான் வாரேன்" என்று முதல் தடவை ஒருத்தி சொன்னபோது, நான் உள்ளறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வருடம் நிலையத்தின் முற்றத்தில் டாக்டரம்மா ஒரு சின்ன விழா வைத்தார். நகராட்சி அதிகாரி ஒருவர் தலைமை. கடைசியில் டாக்டரம்மா எழுந்து, "எல்லாக் கூட்டத்துக்கும் மைக் வச்சவரைக் கௌரவிக்கணும்" என்று அண்ணாச்சியை மேடைக்குக் கூப்பிட்டார். அவர் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்துகொண்டார். மைனி முதுகில் கைவைத்துத் தள்ளினாள். துண்டு போர்த்தினார்கள். "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார் அதிகாரி.

அண்ணாச்சி மைக்கைத் தட்டினார். "அலோ, அலோ, மைக் டெஸ்டிங்" என்றார். பழக்க தோஷம். கூட்டம் சிரித்தது. பிறகு அவர் வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. நான் எழுந்து பக்கத்தில் போகலாமா என்று நினைப்பதற்குள் அவர் திரும்பி, "எனக்கு இது ஆகாது. ஏ, நீ வா" என்று மனைவியைப் பார்த்து மைக்கை நீட்டிவிட்டார்.

மைனி தயங்கவே இல்லை. மேடையேறி, முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டாள்.

"தண்ணியைக் கொதிக்கவச்சுக் குடிங்கன்னு நர்ஸம்மா ஊரு ஊராச் சொல்லுதா. நல்ல விசயம். கொதிக்கவைக்க மொதல்ல தண்ணி வரணும்லா? எங்க சந்துல மூணு நாளைக்கு ஒருக்காத்தான் குழாயில தண்ணி வருது. அதுவும் எத்தனை மணிக்கு வருதுன்னு அந்தக் குழாய்க்கே தெரியாது. ஐயா இங்கனதான் இருக்கிய. நான் பொய் சொல்லுதேனா, நாளைக்கே வந்து பாருங்க. காப்பி போட்டுத் தாரேன், தண்ணி வந்தா."

முற்றம் அதிர்ந்தது. டாக்டரம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரிக்கு முதலில் முகம் சிவந்தது. பிறகு அவரும் சிரித்து, கைதட்டி, பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ குறித்துக்கொள்ளச் சொன்னார். அந்தச் சந்துக்குத் தண்ணீர் உடனே வந்துவிடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஆனால் அது மைனியின் பேச்சுக்காகத்தான் வந்தது என்று சந்து முழுக்க நம்பியது. நானும் நம்பினேன்.

விழா முடிந்து, ஸ்பீக்கர்களைக் கைவண்டியில் ஏற்றிவிட்டுக் கடைப்படியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணாச்சி போர்த்திய துண்டை இன்னும் எடுக்கவில்லை. பேக்கரிக்குப் போய் ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன் வாங்கிவந்து நடுவில் பிரித்துவைத்தார். மைனி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு என் முழங்காலைத் தட்டினாள்.

"ஏளா, உண்மையைச் சொல்லணும். எங்கன தப்பு விட்டேன்?"

"ஒரே ஒரு தப்பு மைனி. ஆரம்பத்துல ரொம்ப வேகம். பின்னால இருந்தவங்களுக்கு முதல் வரி கேட்டிருக்காது."

"வேகமா? நானா?" என்று அவள் அண்ணாச்சியைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். அவர் இன்னொரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பொட்டலம் காலியாகும் வரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவள் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.